காரின் 12 வோல்ட்: கழற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்

சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். அதற்குமேல் அசைவில்லை. முதலில் பேட்டரியை மாற்றுகிறார்கள். சில நாள் ஓடுகிறது, மறுபடியும் அதே ‘டக்’. அடுத்து செல்ஃப் மோட்டார் இறங்குகிறது. பிரஷ், புஷ், மோட்டாருக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் காந்தச் சுவிட்சான சோலினாய்டு எல்லாம் புதிதாகின்றன. அதற்கும் வண்டி மசியவில்லை என்ற பிறகுதான் இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையே போகும் எர்த் பட்டையை யாராவது குனிந்து பார்க்கிறார்கள். பின்னல் செப்புப் பட்டை பச்சைக் களிம்பேறி, போல்ட்டுக்கு அடியில் துருவோடு கிடக்கும். எல்லாவற்றிலும் விலை குறைந்த பொருள் அதுதான். கடைசியில் பார்க்கப்படுவதும் அதுதான்.

கார் எலக்ட்ரிகல் வேலையில் எங்களை அதிகம் வருத்தும் விஷயம் இது. பொருள் நன்றாக இருக்கும். அதற்குக் கரண்ட் போகும் வழியோ திரும்பி வரும் வழியோ கெட்டிருக்கும். ஆனால் பணம் முழுவதும் பொருளுக்கே போகும். வழியை அளக்க ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரும் பத்து நிமிடமும் போதும். எங்கே வைத்து அளப்பது, எந்த எண் சரி, எது தவறு, ஏன் தவறு என்பதை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில் ஒரு கணக்கு. வீட்டில் 1200 வாட் இஸ்திரிப் பெட்டி 230 வோல்ட்டில் ஏறக்குறைய 5 ஆம்பியர் இழுக்கும். அதே 1200 வாட்டை 12 வோல்ட்டில் எடுக்க 100 ஆம்பியர் வேண்டும். வயரில் வீணாகும் வெப்பம் ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் வீட்டு வயரிங்கில் கண்ணுக்கே தெரியாத ஒரு லூஸ் கான்டாக்ட், காரில் வண்டியையே நிறுத்திவிடும். சிறிய பெட்ரோல் காரின் செல்ஃப் மோட்டார் சுழலும்போது 100 முதல் 200 ஆம்பியர் வரை எடுக்கும். டீசல் இன்ஜின் இன்னும் அதிகம். 150 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். அந்த வழியில் எங்கோ ஓர் இடத்தில் 0.01 ஓம் தடை கூடிவிட்டால் அங்கேயே ஒன்றரை வோல்ட் இறங்கிவிடும். அந்த ஒரு முனையில் 225 வாட் வெப்பமும் கிளம்பும். டெர்மினல் கையைச் சுடுவதும், பிளாஸ்டிக் மூடி உருகுவதும் இதனால்தான்.

0.01 ஓமை மல்டிமீட்டரின் ஓம் அளவில் பிடிக்க முடியாது. மீட்டரின் இரண்டு முனைகளைச் சேர்த்துப் பிடித்தாலே 0.1, 0.2 என்று காட்டும். பீப் சத்தம் வருகிறதா என்று பார்ப்பது இன்னும் மோசம். பத்தொன்பது இழை வயரில் பதினெட்டு அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் பீப் நன்றாகவே கேட்கும், மீட்டரும் 0 காட்டும். ஆனால் அந்த ஒரே இழை ஹெட்லைட்டுக்கு வேண்டிய கரண்ட்டைச் சுமக்காது. பல்பையும் ஓமில் அளந்து நம்ப முடியாது. 55 வாட் பல்பு எரியும்போது அதன் தடை 2.6 ஓம் அளவில் இருக்கும். குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் காட்டும். ஆகவே கரண்ட் ஓடும்போதே, பாரம் இழுக்கும்போதே, வோல்ட் எங்கே இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். பட்டறைகளில் வோல்டேஜ் டிராப் என்று சொல்வது இதைத்தான்.

பேட்டரியிடம் முதலில் கேட்பது

பேட்டரிக்குள் ஆறு செல்கள். முழுச் சார்ஜில் ஒவ்வொன்றும் 2.1 வோல்ட், மொத்தம் 12.6. ஆனால் இரவெல்லாம் நின்ற வண்டியில் அளந்தால்தான் இந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. இப்போதுதான் ஓடி வந்த வண்டியில் 13 வோல்ட்டுக்குமேல் தெரியும்; அது தகட்டின் மேற்பரப்பில் மட்டும் நிற்கும் சார்ஜ். அவசரத்துக்கு அளப்பதென்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் போட்டு, அணைத்து, ஐந்து நிமிடம் விட்டு அளக்கலாம். 12.6க்கு மேல் இருந்தால் நிறைவு. 12.4 என்றால் முக்கால். 12.2 பாதி. 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். 10.5 காட்டினால் பெரும்பாலும் ஒரு செல் முழுதாகப் போய்விட்டது. அதை எவ்வளவு நேரம் சார்ஜில் போட்டாலும் பயனில்லை.

12.6 காட்டும் பேட்டரி நல்ல பேட்டரி என்று சொல்லிவிடவும் முடியாது. நிறைய சார்ஜ் இருக்கிறது என்பதும், கேட்ட நேரத்தில் 150 ஆம்பியர் தள்ள முடிகிறது என்பதும் வேறு வேறு. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் ஈயத் தூண்களில் அளந்தால் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. நல்ல பேட்டரி நம் ஊர் வெப்பத்தில் 10.5 அளவில் நிற்கும். முழுச் சார்ஜில் இருந்தும் 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது, அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. இரண்டில் எது என்பதை, கேபிளை வெளியிலிருந்து கவ்வி டிசி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒரு நொடியில் சொல்லிவிடும். கிளாம்ப் மீட்டர் வாங்கும்போது டிசி ஆம்பியர் அளக்குமா என்று கேட்டு வாங்குங்கள். மலிவான பல மீட்டர்கள் ஏசியை மட்டுமே அளக்கும்; காருக்கு அவை உதவாது.

மூடி திறக்கும் பேட்டரியாக இருந்தால், ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் மல்டிமீட்டரைவிட நன்றாகப் பேசும். முழுச் சார்ஜில் அடர்த்தி 1.265 அளவில் இருக்க வேண்டும். ஆறு செல்லும் ஒன்றுபோல் குறைந்திருந்தால் சார்ஜ் போதவில்லை என்று பொருள். ஒரு செல் மட்டும் 0.050க்கு மேல் தனியாகக் குறைந்து நின்றால் அந்த செல் போகப் போகிறது. சீல் செய்த பேட்டரியின் மேலிருக்கும் பச்சைக் கண் ஆறில் ஒரு செல்லை மட்டுமே பார்க்கிறது. கண் பச்சையாக இருந்தும் வண்டி எடுக்காமல் போவதற்கு அதுவே காரணம்.

தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். வீட்டு ஆர்ஓ தண்ணீரில் உப்பு இன்னும் மிச்சம் இருக்கும், அது தகட்டைக் கெடுக்கும். ஆசிட் ஊற்றவே கூடாது. ஆவியாவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயேதான் இருக்கிறது. தகடு மூழ்கும் அளவுக்குக் கீழே போயிருந்தால் மூழ்கும் வரை மட்டும் ஊற்றி, சார்ஜ் ஏறியபின் குறியீடு வரை நிரப்புங்கள். முதலிலேயே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது மட்டம் உயர்ந்து ஆசிட் வெளியே வழியும். டெர்மினலைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பூப்பதற்கு இந்த வழிசலும் ஒரு காரணம். வெந்நீரில் சமையல் சோடா கரைத்து ஊற்றினால் அது கரையும். செல்லுக்குள் ஒரு சொட்டும் போகாமல் மூடிகளை இறுக்கிய பிறகே ஊற்ற வேண்டும். பிறகு தூணையும் கிளாம்பின் உள்வாயையும் பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கி, அதன்மேல் வாசலின் தடவுங்கள். வாசலினைத் தடவிவிட்டு மாட்டுவதல்ல, மாட்டிவிட்டுத் தடவுவது.

கழற்றும்போது எர்த் முதலில், மாட்டும்போது எர்த் கடைசியில். பாடி முழுவதும் எர்த் என்பதால், பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பானர் ஃபெண்டரில் பட்டால் நேரடி ஷார்ட் ஆகும். எர்த்தை எடுத்துவிட்டால் ஸ்பானர் எங்கே பட்டாலும் ஒன்றும் நடக்காது. 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது உண்மை. ஆனால் ஷார்ட்டில் பல நூறு ஆம்பியர் பாயும். மோதிரமோ உலோகக் கடிகாரப் பட்டையோ நடுவில் மாட்டினால் கணத்தில் பழுத்து விரலை எரித்துவிடும். வேலைக்கு முன் மோதிரம், காப்பு, தொங்கும் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். இதில் சமரசம் வேண்டாம்.

செல்ஃப் எடுக்காத வண்டியை அளப்பது

சத்தத்தைக் கவனித்தாலே பாதி தெரிந்துவிடும். ‘டக் டக் டக்’ என்று வேகமாகத் தொடர்ந்தால் பேட்டரி இறங்கிவிட்டது அல்லது டெர்மினல் லூஸ். சோலினாய்டு இழுத்து மோட்டாருக்கு வழி திறந்தவுடன் வோல்ட் சரிகிறது, சோலினாய்டு விட்டுவிடுகிறது, வோல்ட் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. அதுதான் அந்தத் தாளம். கனமான ‘டக்’ ஒன்றே ஒன்று கேட்டு டேஷ்போர்டு வெளிச்சம் மங்காமல் இருந்தால், சோலினாய்டு இழுத்தும் மோட்டாருக்குக் கரண்ட் போய்ச் சேரவில்லை: உள்ளே கான்டாக்ட் தகடு கரிந்திருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது கெட்டியான கேபிளில் தடை. ஒன்றுமே கேட்கவில்லை என்றால் மெல்லிய வயர் பக்கம் பாருங்கள்: செல்ஃப் ரிலே (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறக்கும் சுவிட்ச்), கிளட்ச் சுவிட்ச், ஆட்டோமேட்டிக்கில் கியர் நிலைச் சுவிட்ச், சாவியை அடையாளம் காணாவிட்டால் வண்டியை எடுக்க விடாத இம்மொபிலைசர்.

இனி அளவு. கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிடுங்கள். இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் சுழல மட்டும் வேண்டும். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். ஒருவர் சாவி திருப்ப, ஒருவர் அளக்க என்று இரண்டு பேர் தேவை. ஒரு தடவைக்கு ஐந்து நொடி போதும். பத்து நொடிக்கு மேல் அடிக்காதீர்கள், அடுத்த முறைக்கு முன் அரை நிமிடமாவது ஆற விடுங்கள்.

முதல் அளவு பேட்டரித் தூண்களில், மேலே சொன்ன 9.6. இரண்டாவது எர்த் பக்கம்: மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் தூணில், மற்றது இன்ஜினின் வெறும் உலோகத்தில். பெயின்ட் இல்லாத போல்ட் தலை நல்ல இடம். சாவி திருப்பும்போது 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நலம். 0.5, 1 என்று ஏறினால் பேட்டரிக்கும் இன்ஜினுக்கும் இடையில் எங்கோ தடை. மூன்றாவது பாசிட்டிவ் பக்கம்: ஒரு முனை பாசிட்டிவ் தூணில், மற்றது செல்ஃப் மோட்டாரில் கெட்டிக் கேபிள் வந்து சேரும் போல்ட்டில். இங்கே 0.5 வரை பொறுக்கலாம், அதற்குமேல் கூடாது.

எண் அதிகமாக வந்தால் முனையை அங்குலம் அங்குலமாக நகர்த்துங்கள். தூணில் வைத்திருந்ததைக் கிளாம்பில் வைக்கிறீர்கள், எண் சட்டென்று குறைகிறது என்றால் குற்றம் தூணுக்கும் கிளாம்புக்கும் இடையில். கிளாம்பிலிருந்து கேபிள் முனையில் அழுத்திய உலோகக் காதான லக்குக்கு வரும்போது குறைந்தால் லக் பிடிப்பில். பார்ப்பதற்கு இறுக்கமாக, சுத்தமாக இருக்கும் கிளாம்பின் உள்ளேயே ஈய ஆக்சைடு கறுப்பாகப் படிந்திருக்கும். வெளியே பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டாம், மீட்டர் சொல்லட்டும். மூன்று அளவும் சரியாக வந்து மோட்டார் மட்டும் தடுமாறினால், அப்போது மோட்டாரை இறக்குங்கள். அந்தச் செலவு வீண் போகாது.

எர்த்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். இன்ஜின் ரப்பர் மவுண்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் கரண்ட்டைக் கடத்தாது. இன்ஜினிலிருந்து திரும்பி வரும் கரண்ட்டுக்கு உரிய வழி எர்த் பட்டையும் கேபிளும்தான். அது அறுந்தால் கரண்ட் வேறு வழி தேடும்: கிளட்ச் கேபிள், கியர் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள். அவ்வளவு ஆம்பியரைத் தாங்காமல் கேபிள் சூடாகி உள்ளுறை உருகி இறுகிவிடும். புதுக் கேபிள் போட்டும் அடிக்கடி இறுகுகிறது, காரணம் தெரியவில்லை என்று சொல்லும் வண்டிகளில் எர்த் பட்டையையும் ஒருமுறை பாருங்கள்.

பின்பக்க விளக்குகளிலும் எர்த் இதே வேலையைக் காட்டும். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது, இண்டிகேட்டர் போட்டால் பார்க் லைட் கண் சிமிட்டுகிறது என்றால் பல்பிலோ சுவிட்சிலோ கோளாறு இல்லை. அந்த விளக்குக் கூட்டுக்கு ஒரே ஒரு எர்த் வயர்; அது விட்டுப்போனதால், பிரேக் பல்பின் கரண்ட் பக்கத்துப் பல்புகளின் ஃபிலமென்ட் வழியாக வெளியே போகப் பார்க்கிறது. எர்த் போல்ட்டைக் கழற்றி, அடியிலிருக்கும் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கினால் எல்லாம் தானாகச் சரியாகும்.

சார்ஜ் ஏறுகிறதா

இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.7 வரை வர வேண்டும். ஐடிலில் அளந்தபின் ஹெட்லைட், ஏசி புளோயர், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டு, 2000 ஆர்பிஎம்மில் மறுபடி அளக்கவும். 13.5க்குக் கீழே விழாமல் நின்றால், இன்ஜின் பெல்ட்டில் ஓடிப் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது. 13 கூட வரவில்லை என்றால் முதலில் பெல்ட், பிறகு பின்னால் இருக்கும் கெட்டி வயரின் போல்ட், அதன் பிறகே உள்ளே இருக்கும் பிரஷ், வோல்ட்டை வரம்புக்குள் வைக்கும் ரெகுலேட்டர். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. பேட்டரி கொதித்துத் தண்ணீர் சீக்கிரம் காயும், பல்புகள் அடிக்கடி போகும். பழைய வண்டிகளில் டேஷ்போர்டின் சிவப்புப் பேட்டரி விளக்கின் வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் தூண்டுதல் கரண்ட் போகும். அந்தச் சின்ன பல்பு ஃபியூஸ் ஆனால் சார்ஜே ஏறாது. இன்ஜின் அணைந்திருக்கும்போது சாவியைப் போட்டதும் அந்த விளக்கு எரிகிறதா என்பதையும் பாருங்கள்.

ஆல்டர்னேட்டர் உற்பத்தி செய்வது ஏசி. உள்ளே இருக்கும் டயோடுகள் அதை டிசியாக்குகின்றன. ஒரு டயோடு போனாலும் மீட்டரில் டிசி வோல்ட் ஏறக்குறைய சரியாகவே தெரியும், ஏமாந்துவிடுவோம். இன்ஜின் ஓடும்போது மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, அதே பேட்டரி முனைகளில் அளந்தால் 0.5க்கு மேல் தெரியக் கூடாது. தெரிந்தால் டயோடைச் சந்தேகிக்கலாம். ரேடியோவில் இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் விசில் கேட்பதும் அதன் அடையாளம். கெட்ட டயோடு வண்டி நிற்கும்போது எதிர்த் திசையில் கரண்ட்டை விட்டு இரவோடு இரவாகப் பேட்டரியையும் காலி செய்யும்.

புதிய வண்டிகளில் சில, எரிபொருள் மிச்சத்துக்காக, ஆல்டர்னேட்டர் வோல்ட்டை இசியூ என்ற இன்ஜின் கம்ப்யூட்டரின் கட்டுப்பாட்டில் ஏற்றி இறக்கும். ஒரு நேரம் 12.6, இன்னொரு நேரம் 14.8 காட்டும். அதைக் கோளாறு என்று கழற்றிவிடாதீர்கள். நெகட்டிவ் கிளாம்பில் சிறிய பெட்டியும் வயரும் இருந்தால் அது பேட்டரி சென்சார். கூடுதல் கருவி எதற்கும் எர்த்தை அந்தத் தூணில் கொடுக்காமல் பாடியில் கொடுங்கள். சென்சாரைத் தாண்டிப் போகும் கரண்ட் கணக்கில் வராது, சார்ஜ் கணக்கு தப்பாகும்.

ஓடும் இன்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி, நின்றுவிடுகிறதா பார்ப்போம் என்று சோதிக்கும் வழக்கம் இன்னும் சாலையோரங்களில் இருக்கிறது. டைனமோ காலத்துப் பழக்கம் அது. இன்று அது இசியூவைக் கொல்லும் வழி. ஆல்டர்னேட்டர் தள்ளும் கரண்ட்டுக்குப் பேட்டரி என்ற தாங்கல் திடீரென்று இல்லாமல் போனால், வோல்ட் ஒரு கணம் பல மடங்கு எகிறும். யார் கேட்டாலும் உங்கள் வண்டியில் இதை அனுமதிக்காதீர்கள். பேட்டரி முழுவதும் இறங்கிய வண்டியை ஜம்ப் கொடுத்து எடுத்தபின், ஆல்டர்னேட்டரே முழுதாக ஏற்றட்டும் என்று விடுவதும் நல்லதல்ல. நீண்ட நேரம் உச்சக் கரண்ட்டில் ஓடி அது சூடாகும். வெளிச் சார்ஜரில் மெதுவாக ஏற்றுவதே பேட்டரிக்கும் ஆல்டர்னேட்டருக்கும் நல்லது.

ஜம்ப் கொடுக்கும் வரிசை: சிவப்பு கேபிள் இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவில், அதன் மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பு நல்ல பேட்டரியின் நெகட்டிவில், அதன் கடைசி முனை இறங்கிய வண்டியின் இன்ஜின் உலோகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரியின்மேல் ஹைட்ரஜன் நிற்கலாம் என்பதால்தான் அந்தப் பொறி தள்ளி நடக்க வேண்டும். கழற்றுவது இதே வரிசையில் தலைகீழாக.

வெளிச்சம், ஃபியூஸ், ரிலே

ஹெட்லைட் மங்கல் என்று 100 வாட் பல்பு போடுபவர்கள் முதலில் எரியும் பல்பின் பிளக்கில் வோல்ட் அளந்து பார்க்க வேண்டும். பேட்டரியில் 13.8 இருக்க, பல்பில் 11.8 வருவது பழைய வண்டிகளில் சகஜம். ஃபிலமென்ட் பல்பின் வெளிச்சம் வோல்ட்டோடு நேர் விகிதத்தில் குறைவதில்லை. வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். ஆகவே இரண்டு வோல்ட்டை மீட்டாலே பழைய 55 வாட் பல்பு புதிதாகத் தெரியும். அதை விட்டு 100 வாட் போட்டால் கரண்ட் ஏறக்குறைய இரட்டிப்பாகி வயரில் இன்னும் அதிக வோல்ட் இறங்கும், ஹோல்டர் கருகும், ஸ்டியரிங் சுவிட்ச் உருகும், எதிரே வருபவர் கண்ணும் கூசும்.

மீட்பதற்கு வழி ரிலே. நான்கு கால் ரிலேயில் 30 என்று எண்ணிட்ட காலுக்குப் பேட்டரியிலிருந்து நேராக 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 20 ஆம்பியர் ஃபியூஸ். 87லிருந்து பல்புகளுக்கு. 86க்குப் பழைய ஹெட்லைட் பிளக்கில் வரும் வயர், 85 எர்த். ஹை பீமுக்கு ஒன்று, லோ பீமுக்கு ஒன்று. இப்போது சுவிட்ச் சுமப்பது ரிலே சுருளின் 0.15 ஆம்பியர் அளவைத்தான். ஒன்று கவனியுங்கள்: சில வண்டிகளில் ஹெட்லைட்டுக்குப் பாசிட்டிவ் நிலையாக இருக்கும், சுவிட்ச் எர்த்தைத்தான் கொடுக்கும். அதை அளந்து உறுதி செய்துகொள்ளாமல் கடையில் வாங்கிய ரிலே செட்டை மாட்டினால் வேலை செய்யாது.

வயர் கனத்துக்கும் ஒரு கணக்கு சொல்லிவிடுகிறோம். செப்பு வயரின் நீளத்தை மீட்டர் கணக்கில் எடுத்து 0.0175ஆல் பெருக்கி, வயரின் சதுர மில்லிமீட்டரால் வகுத்தால் ஓம் கிடைக்கும். ஐந்து மீட்டர், 2.5 வயர் என்றால் 0.035 ஓம், 10 ஆம்பியர் போனால் 0.35 வோல்ட் இழப்பு, பரவாயில்லை. அதே இடத்தில் 0.75 வயர் போட்டால் 1.17 வோல்ட் இழப்பு. வெளியே வாங்கும் மியூசிக் சிஸ்டம், ஹாரன், ஃபாக் லைட் செட்களில் இந்த மெல்லிய வயர்தான் அடிக்கடி வருகிறது.

ஃபியூஸ் காப்பது கருவியை அல்ல, வயரை. வயர் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துத்தான் அந்த எண் போட்டிருக்கிறார்கள். பழுப்பு 7.5, சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, நிறமற்றது 25, பச்சை 30. 10 போன இடத்தில் 20 போட்டாலும், சிகரெட் அட்டைத் தகடு சுற்றி வைத்தாலும், அடுத்த ஷார்ட்டில் உருகப்போவது டேஷ்போர்டுக்குள் போகும் வயர்க் கட்டு.

ஃபியூஸ் போட்டவுடன் போகிறது என்றால் ஒன்றன்பின் ஒன்றாகப் புதுசு போட்டுப் பார்க்காதீர்கள். ஃபியூஸ் இடத்தின் இரண்டு கால்களிலும் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை வயர் வைத்து மாட்டுங்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்பு முழுதாக எரியும், 1.75 ஆம்பியருக்கு மேல் போகாததால் வயருக்கு ஆபத்தில்லை. இப்போது அந்த வழியில் இருக்கும் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், வயர்க் கட்டை ஆங்காங்கே அசையுங்கள். எங்கே தொட்டபோது பல்பு அணைகிறதோ, மங்குகிறதோ, அங்கே இருக்கிறது ஷார்ட். டிக்கிக் கதவின் கீல், ஓட்டுநர் கதவின் ரப்பர்க் குழாய் ஆகிய இரண்டையும் முதலில் பாருங்கள்; திறந்து மூடி வயர் அங்கேதான் அறும்.

நிற்கும்போது யார் குடிக்கிறார்கள்

மூன்று நாள் நிறுத்தினால் வண்டி எடுக்கவில்லை என்பது பரவலான புகார். எல்லா வண்டியும் நிற்கும்போது கொஞ்சம் கரண்ட் எடுக்கும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பொறுக்கலாம். அதுவே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர். சிறிய காரின் 35 ஆம்பியர் அவர் பேட்டரியைப் பாதியாக்க இரண்டு வாரம் ஆகும். டிக்கிக்குள் அணையாமல் எரியும் 5 வாட் பல்பு அதே வேலையை இரண்டு நாளுக்குள் முடித்துவிடும்.

அளக்கும்போது பானெட்டைத் திறந்து வைத்து, கதவுப் பூட்டைக் கையால் மூடிய நிலைக்குத் தள்ளி, சாவியைத் தள்ளி வைத்துவிட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காத்திருங்கள். கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போக அவ்வளவு நேரம் தேவை. உடனே அளந்தால் சில ஆம்பியர் தெரியும்; அதைப் பார்த்து மிரள வேண்டாம். பிறகு டிசி கிளாம்ப் மீட்டரால் எர்த் கேபிளைக் கவ்வலாம். மல்டிமீட்டரை எர்த்துக்கு நடுவில் சேர்த்து அளப்பதென்றால் 10 ஆம்பியர் துளையில் செருகுங்கள். மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவியைப் போட்டால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

அதிகமாக எடுக்கிறது என்று தெரிந்தபின் ஃபியூஸ்களைப் பிடுங்கிப் பார்ப்பது பழைய முறை. பிடுங்கி மாட்டும்போதே தூங்கிய கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும், கணக்கு குழம்பும். மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து, ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளைத் தொடுங்கள். கரண்ட் போகாத ஃபியூஸில் 0.0. சாதாரண 10 ஆம்பியர் ஃபியூஸில் 1 மில்லி வோல்ட் தெரிந்தால் ஏறக்குறைய 130 மில்லி ஆம்பியர் அதன் வழியே போகிறது. குற்றவாளிகள் பெரும்பாலும் வெளியே வாங்கி மாட்டியவைதான்: மியூசிக் சிஸ்டம், ஜிபிஎஸ் டிராக்கர், டேஷ்கேம், சென்ட்ரல் லாக். எல்லா ஃபியூஸும் 0 காட்டினால் ஆல்டர்னேட்டரின் டயோடு நினைவிருக்கட்டும். அதன் கெட்டி வயர் ஃபியூஸ் பெட்டியைத் தாண்டிப் போகிறது.

அறுந்த வயரை முறுக்கி டேப் சுற்றுவது நம் வெயிலில் ஒரு கோடைக்கே தாங்காது. பசை உருகி டேப் அவிழும், ஈரம் ஏறும். சரியான கிரிம்ப் பிளையரால் அழுத்திய இணைப்பான், அதன்மேல் உள்ளே பசை தடவிய, சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் என்பதே நிலைக்கும். ஈயம் பற்றவைத்தால் ஈயம் ஊறி விறைத்த இடம் முடியும் விளிம்பில் அதிர்வுக்கு வயர் ஒடியும். பற்றவைத்தே ஆக வேண்டுமென்றால் இருபுறமும் வயரை அசையாமல் கட்டிவிடுங்கள். எலி கடித்த வண்டியில் ஒரு வயரை மட்டும் சேர்த்துவிட்டு விடாதீர்கள். கட்டைப் பிரித்து முழுவதும் பாருங்கள், கடித்த தடம் பக்கத்து வயர்களிலும் இருக்கும்.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கியதுபோல் வெள்ளத்தில் நின்ற வண்டியை, தண்ணீர் வடிந்ததும் சாவி போட்டுப் பார்க்கவே கூடாது. ஈரமான கனெக்டரில் 12 வோல்ட் இருந்தால் ஊசிகள் மின்பகுப்பில் வேகமாக அரித்துப் பச்சையாகும். எர்த்தைக் கழற்றி, சீட்டுக்கு அடியிலும் கால்வைக்கும் இடத்திலும் இருக்கும் கனெக்டர்களைத் திறந்து, கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவைத்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

இந்த மீட்டர் வேலைக்கு எல்லை உண்டு. மஞ்சள் கனெக்டரும் மஞ்சள் உறையும் ஏர்பேக்குக்கு உரியவை. அதில் மீட்டரையோ டெஸ்ட் லேம்பையோ வைக்காதீர்கள்; அந்தப் பக்கம் கை வைக்கும் முன் எர்த்தைக் கழற்றிக் கையேட்டில் சொல்லும் நேரம் காத்திருங்கள். சென்சார் வயர்களில் பல்பு வைத்த பழைய டெஸ்ட் லேம்ப் வேண்டாம், அது இழுக்கும் கரண்ட் இசியூவின் உள்ளிருக்கும் பாகத்தைச் சுடும். ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு மெல்லிய வயர் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் கேன் பஸ். அதில் செய்யத்தக்க ஒரே எளிய சோதனை, எர்த்தைக் கழற்றியபின் இரண்டு வயருக்கும் இடையே ஓம் அளப்பது. இரு முனைகளிலும் 120 ஓம் இருப்பதால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. 0 வந்தால் இரண்டும் எங்கோ ஒட்டிக்கொண்டன. அதற்குமேல் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் கொண்டுபோங்கள். போகும்போது நீங்கள் எடுத்த அளவுகளையும், எந்த இடத்தில் எடுத்தீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.